இல்லாத திரையின் அகலம்

இரவு பத்தே முக்கால். உப்புவெளியில் என் அறை.
மின்விசிறி மூன்றில் சத்தம், இரண்டில் வியர்வை.
கொட்பே ஐஸ் தொழிற்சாலையின் கணினி
என் மடிக்கணினிக்குள் தீப்பெட்டி அளவில் தெரிகிறது.
அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது.
அதற்குமேல் ஒரு புள்ளி தரமாட்டேன் என்கிறது.

அதற்குத் திரை கிடையாது.
படம் வரையும் அட்டையும் கிடையாது.
மலிவாய் எழுதியவருக்கு டெண்டர் கிடைத்தது,
எனக்குப் பராமரிப்பு.
பூட்டிய அறையொன்றில் இருந்துகொண்டு
குளிரறைகளின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறது.
யாரும் பார்ப்பதில்லை என்று அதற்குத் தெரியும்.
தெரிந்ததால்தான் இவ்வளவு சிறிதாய் வரைகிறது.
குறை சொல்ல முடியாது.
தனியே இருக்கிற நாளில் நானும்
தட்டு எடுப்பதில்லை, சட்டியோடு சாப்பிடுகிறேன்.

ஆனால் அட்டவணை வலப்பக்கம் வெட்டுப்படுகிறது.
ஐந்து அறைகள் தெரிகின்றன.
ஆறாவதன் தலைப்பில் 'அ' மட்டும்.
'சேமி' பொத்தான் கீழே எங்கோ, கடலுக்கடியில்.

அமைப்புகளுக்குள் போனேன்.
ஒரே ஒரு தெரிவு, அதுவும் சாம்பல் நிறத்தில்.
பெரிதாக்கினேன். எழுத்துகள் ஊதிப்போயின,
தேத்தண்ணிக்குள் விழுந்த பாண் மாதிரி.
பெரிதாவது வேறு, அகலமாவது வேறு.

பிறகுதான் பொய் சொல்லத் தீர்மானித்தேன்.
டம்மி டிரைவர் ஒன்றை ஏற்றி
கோப்பொன்றில் இல்லாத திரைக்கு அளவெழுதினேன்:
அகலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது,
உயரம் ஆயிரத்து எண்பது,
நொடிக்கு அறுபது தரம் புதுப்பிக்கும்,
நினைவகத்தில் அதற்கு இவ்வளவு இடம்.
பெயரும் வேண்டுமாம். மான் என்று போட்டேன்.
பின்னேரம் பஸ் நிலையத்தில் ஒன்று
என் சோற்றுப் பார்சலைத் தின்றிருந்தது.

மீள இயக்கினேன்.
கறுப்பு.
பிறகு இணைப்பும் அறுந்தது.

காவலுக்கு நிற்கும் பைறூஸ் காக்காவை எழுப்பினேன்.
"உள்ள போய் அந்தப் பெட்டியின்ர பொத்தான ஒருக்கா அமத்துங்கோ."
"எந்தப் பெட்டி? டீவி ஒண்டும் இஞ்ச இல்லயே தங்கச்சி."
"ஓம் காக்கா, இல்ல. கறுத்தப் பெட்டி."
"அப்ப நீங்க எதப் பாத்துக்கொண்டு இரிக்கிறீங்க?"

போனில் செருப்புச் சத்தம், சாவி,
கொம்பிரசரின் உறுமல்,
ஒரு தும்மல்.
"அமத்திட்டன்."

எழுத்து மட்டும் வருகிற வழியால் நுழைந்து
மூடாமல் விட்ட மேற்கோள்குறியை மூடினேன்.
ஒற்றைக் குறி. தேடிப் பிடிக்க நாற்பது நிமிடம்.

பன்னிரண்டு பத்துக்கு
உவர்மலை ஏறி முடித்ததும்
உள்துறைமுகம் ஒரேயடியாய் விரியுமே, அப்படி
ஓரத்திலிருந்து ஓரம்வரை திறந்தது.
கதிரையில் இருந்தபடி கை தட்டினேன்,
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஐந்து அறைகள். பக்கத்தில் ஆறு: கழித்தல் பதினெட்டு. நல்லது.
அதற்கும் பக்கத்தில் ஏழு.
ஏழென்று ஓர் அறை இருப்பதே எனக்குத் தெரியாது.
ஏழு: ஒன்பது.
முன்னால் கழித்தல் குறி இல்லை.
விரலால் திரையைத் துடைத்துப் பார்த்தேன், இல்லை.
செவ்வாய்க்கிழமையிலிருந்து, சிவப்பில்,
நிமிடத்துக்கு ஒருமுறை, பிசகாமல்
விளிம்புக்கு வெளியே நின்று
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"காக்கா, ஏழாம் அறைக்குள்ள என்ன கிடக்கு?"
கதவு திறக்கும் சத்தம்.
கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
"சூர," என்றார், மூக்கைப் பொத்திய குரலில்.
"நெறயச் சூர."

முதலாளிக்கு யார் சொல்வது என்று
இரண்டு பேரும் பேசவில்லை. போனை வைக்கவுமில்லை.
திரையில் ஒவ்வொரு எழுத்தும்
ஊசியால் கீறியதுபோல் துல்லியம்.
கீழே, மூலையில்,
'சேமி' இப்போது நன்றாகத் தெரிகிறது.